பூஜையில் வைத்த ஸ்பேனர்

தம்பி,

வீடு முழுக்கச் சந்தனம் மணக்கிறது. வசந்தா கூடத்தில் உட்கார்ந்து இழைத்துக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு ஆயுத பூஜை. அடுப்பில் கடலை வேகிறது. ராயபுரம் முழுக்க ரிக்‌ஷாவையும் கட்டை வண்டியையும் கழுவித் தெருவெல்லாம் தண்ணீர். ஊருக்கு இது பண்டிகை வாசனை. எனக்கு மூக்கில் ஏறினதும் வீட்டில் இருக்கப் பிடிக்காது. வருஷா வருஷம் இந்த நாளில் கடைக்குப் போகிறவள் மாதிரிக் கிளம்பிக் காசிமேட்டுக் கரையில் போய் உட்கார்ந்துவிடுவேன். இந்த வருஷம் அதுவும் முடியவில்லை. செல்வியை விட்டு நகர முடியவில்லை.

உனக்குத் தெரிந்த செல்வி இல்லை இப்போது. உன் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு உன் தொப்பியைக் கடித்த குழந்தை இன்றைக்கு நாலாவது படிக்கிறாள். என் பேத்தி என்று இந்தத் தெருவில் நான் பெருமை பேசாத ஆள் இல்லை. வகுப்பில் கணக்குக்கு அவள்தான் முதல். அப்படிப்பட்டவள் காலையிலிருந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். வசந்தா தன் மகளின் புத்தகங்களைப் பூஜையில் வைக்க எடுத்துவரச் சொன்னாள். இவள் அசையவில்லை.

"நான் தொட மாட்டேன்."

"இன்னாடி, புஸ்தகத்தைத் தொட மாட்டியா?" என்று நான் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"நான் தொட்டா யாராச்சும் செத்துப் பூடுவாங்க."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக் கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு மருந்து வாங்க நீ பூஜையைக் கலைச்சிட்டியாமே ஆயா. அதனாலதான் ஏரோப்ளேன் தாத்தா செத்துப் பூட்டாராம். அம்மா சொன்னாங்க. அப்போ என்னாலதானே?"

இந்தத் தெருவில் என் வாய்க்குப் பயந்து குழாயடியில் வழி விடுவார்கள், உனக்குத் தெரியும். ஒன்பது வயசுக் குழந்தைக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. "இரு, வரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து தாளை எடுத்தேன். உன்னிடம் கேட்கத்தான் எழுதுகிறேன். அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?

உன்னைப் பெற்றுப் போட்டுவிட்டு அம்மா போய்ச் சேர்ந்தபோது நான் அஞ்சாவது முடித்திருந்தேன். வகுப்பில் எழுந்து நின்று பாடம் படிக்க வாத்தியார் என்னைத்தான் கூப்பிடுவார். அதோடு சரி. உன்னைத் தூக்க ஆள் வேண்டும் என்று நைனா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார். கல்யாணமாகி அடுத்த தெருவுக்குப் போனபோதும் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் போனேன். வசந்தா பிறந்ததும் ரெண்டு பேரையும் ஒரே பாயில் போட்டு வளர்த்தேன். அவள் உன்னை மாமா என்று கூப்பிட்டாலும் சண்டை போடுவது அண்ணன் தங்கை மாதிரிதான். நைனாவின் கயிற்றுக் கடை உன்னைக் காலேஜ் வரைக்கும் கொண்டுபோனது. உலகச் சண்டைக் காலத்தில் நீ பட்டாளத்து விமானத்துக்குப் போனாய். வெள்ளைக்காரன் மூட்டை கட்டின பிறகு மீனம்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் டகோட்டா விமானம் ஓட்ட வந்தாய். நான் முப்பத்தைந்து வயது தாண்டினதுமே பாட்டி ஆனேன், உன்னை இருபது சொச்சத்தில் தாத்தா ஆக்கினேன். "இன்னாக்கா, மீசை மொளச்சு நாலு வருஷம் ஆவல, அதுக்குள்ள தாத்தாவா?" என்று தலையில் அடித்துக்கொண்டாய். ஆனால் அவள் ஏரோப்ளேன் தாத்தா என்று மழலையில் கூப்பிட்டபோது உன் முகத்தைப் பார்க்கவேண்டுமே.

முதல் தடவை என்னை அங்கே கூட்டிப்போன நாள் ஞாபகம் இருக்கிறதா? நான் இட்லி கட்டி எடுத்துக்கொண்டு கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். நீ விமானத்தின் பின் கதவண்டையிலிருந்து கிளம்பி மெல்ல நடந்தாய். சக்கரத்தைக் குனிந்து பார்த்தாய். எஞ்சினுக்கு அடியில் தரையில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று பார்த்தாய். காத்தாடியின் ஒவ்வொரு இதழையும் உள்ளங்கையால் தடவினாய், மாட்டுக்காரன் மாட்டைத் தடவுகிற மாதிரி. மூக்குக்குக் கீழே கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த ரெண்டு குழாயின் துணி உறையைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தாய். எனக்குப் பொறுமை இல்லை. "டேய், இட்லி ஆறுதுடா!" என்று கத்தினேன். நீ வந்து வாங்கிக்கொண்டாய். திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்து நடக்கவில்லை. கதவண்டை போய் மறுபடியும் ஆரம்பித்தாய்.

"கோயிலாடா இது, சுத்திச் சுத்தி வர்றே?"

"கோயில்ல சாமி உள்ள கீது, நீ வெளியில சுத்துறே. இதுக்குள்ள நான்தானே குந்தப் போறேன். அதான் சுத்துறேன்."

"பாதி சுத்தினதை எதுக்கு மறுபடி சுத்தணும்?"

"நடுவுல நீ கூப்ட்டே. எதைப் பாத்தேன், எதை வுட்டேன்னு டவுட்டு. டவுட்டு வந்தா மொதல்லேருந்துதான்."

திரும்பி வந்து இறங்கின பிறகும் அப்படியே. ஜனங்கள் எல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், நீ தனியாக ஒரு சுற்றுச் சுற்றுவாய். "வந்து சேந்தாச்சே, இன்னும் இன்னா?" என்று கேட்டேன். "இதுக்கு வாயில்லக்கா. எங்க அடிபட்டுகீதுன்னு சொல்லத் தெரியாது. நாளைக்கு எடுக்கறவனுக்கு நான்தான் பாத்துச் சொல்லணும்" என்றாய். அந்தப் பழக்கம் உன் ரத்தத்தில் ஊறிவிட்டது. பீச் ஸ்டேஷனுக்கு ரிக்‌ஷாவில் ஏறுவதற்கு முன்னால்கூட ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் ஏறுவாய். ரிக்‌ஷாக்காரன், "இன்னா பைலட்டு, பொண்ணு பாக்க வந்தியா? புடிச்சிருந்தா ஏறு, இல்லாங்காட்டி வழிய வுடு" என்பான். நீ அச்சாணியைக் காட்டி, "பொண்ணுக்கு ஒரு பல்லு ஆடுது பாரு" என்பாய்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த வீட்டில்தான் செல்வி படுத்தாள். நடக்க ஆரம்பித்து, பேச ஆரம்பித்து, அப்புறம் ஒரு நாள் ஜுரம். ஜுரம் விடவில்லை. கழுத்து விறைத்துப் பின்னால் வளைந்தது. வெளிச்சத்தைப் பார்த்தால் கத்தினாள், பிறகு கத்தவும் தெம்பு இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்த டாக்டர், டி.பி. மூளைக்கு ஏறியிருக்கிறது என்றார். ஸ்ட்ரெப்டோமைசின் என்று ஒரு மருந்து. அதை அன்றைக்கு நான் சொல்லக் கற்றுக்கொண்டதுபோல எந்த மந்திரத்தையும் கற்றுக்கொண்டதில்லை. மெட்ராஸில் அந்தச் சமயம் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. பம்பாயில் இருக்கிறது, சீட்டு கொண்டுபோனால் தருவார்கள் என்று நீ விசாரித்து வைத்திருந்தாய். ரயிலில் போய்வர நாள் இல்லை. "நாளை மறுநாளுக்குள்ள ஆரம்பிச்சாகணும்மா. அதுக்கு மேல நான் வாக்குக் கொடுக்க முடியாது" என்றார் டாக்டர். மறுநாள் உனக்கு பம்பாய் முறை. அந்த மறுநாள்தான் ஆயுத பூஜை.

வசந்தாவின் புருஷன் கப்பலில் இருந்தான். அவள் குழந்தையின் தலைமாட்டை விட்டு எழவில்லை. டாக்டர் எழுதின சீட்டை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு நான்தான் டிராமிலும் ரயிலிலும் மாறி மீனம்பாக்கத்துக்கு ஓடி வந்தேன். வானம் கருத்து வந்தது. விமானத்தைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. அப்படி ஒரு அலங்காரம். மூக்கில் சாமந்தி மாலை, கதவில் மாவிலை, உடம்பெல்லாம் சந்தனமும் குங்குமமும். சக்கரத்துக்கு முன்னால் பூசணிக்காய் உடைத்துச் சிவப்பாகக் கிடந்தது. ஆட்களெல்லாம் பொரி தின்றுகொண்டு நின்றார்கள். பூஜை போட்டுப் புறப்படுகிற முதல் வண்டி, இது நல்லபடியாகப் போய் வரும் என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

நீ சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாய். "போய்ட்டு வந்துர்றேன்க்கா, நீ ஆஸ்பத்திரிக்குப் போ" என்றாய். நான் போகவில்லை. நீ சுற்ற ஆரம்பித்தாய். பூசணித் துண்டுகளைக் கூட்டித் தள்ளச் சொன்னாய். மாலையைத் தூக்கிப் பார்த்தாய். மூக்குக்குக் கீழே போனதும் நின்றுவிட்டாய். விரலால் தொட்டு முகர்ந்தாய்.

"மேஸ்திரி, இத யாரு வெச்சது?"

மெக்கானிக் மேஸ்திரி பெருமையாகச் சிரித்தார். "நானேதான் சார். கொம்புக்கு வைக்காம வுடலாமா? அதான் மொத பொட்டே."

ரெண்டு குழாயின் வாயிலும் அழுத்தி வைத்த சந்தனம், அதன் மேல் குங்குமம். காலை வெயிலில் காய்ந்து அடைப்பாக இறுகிப்போயிருந்தது. உறையைக் கழற்றிவிட்டுப் பக்தியோடு வைத்திருக்கிறார்கள். அந்த மனுஷனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானே அங்கே இருந்திருந்தால் முதலில் அங்கேதான் வைத்திருப்பேன்.

நீ கத்தவில்லை. "கழட்டி உள்ளேருந்து ஊதணும் மேஸ்திரி. ஸ்பேனர் எடுங்க" என்றாய்.

மேஸ்திரியின் சிரிப்பு போய்விட்டது. "சாமானெல்லாம் பூஜைல கீது சார்."

"எடுங்க."

"எப்படி சார்? சரஸ்வதி கால்ல வெச்சதை நாளைக்கு மறு பூஜை போட்டுத்தான் எடுக்கணும். வண்டி ஓட்டலாம், அது வேற. சாமானைத் தொடக் கூடாது. எங்கப்பன் காலத்துலேருந்து இன்னிக்கு ஒரு ஆணி அடிச்சதில்ல."

ஷெட்டுக்குள்ளேயிருந்து முதலாளி வந்தார். பட்டு வேட்டி, நெற்றி நிறையக் குங்குமம். "என்ன கேப்டன், நல்ல நேரம் போய்க்கிட்டிருக்கு. சந்தனம்தானே, மேலாகத் துடைச்சிட்டுக் கிளம்புங்க. பூஜை போட்ட வண்டிக்கு ஒண்ணும் ஆகாது."

"மேலாகத் துடைச்சா உள்ளே தள்ளிடும் சார். கழட்டாம எடுக்க மாட்டேன்."

"அப்போ நாளைக்கு மறு பூஜை ஆனதும் கழட்டட்டும். பிளேன் நாளைக்குப் போகட்டும்."

நாளைக்கு. அந்த வார்த்தை என் காதில் விழுந்ததும் நான் வேலியைத் தாண்டிவிட்டேன். எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. புடவை கிழிந்தது பிறகுதான் தெரிந்தது. உன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"போடா கண்ணு. அப்படியே போடா. நாளைக்குன்னா கொழந்த போயிரும்டா. சந்தனம்டா அது, வெஷமா? சாமி பேரைச் சொல்லிக்கினு போடா."

நீ என் கையை எடுத்துவிட்டாய். உன் முகம் வெளுத்திருந்தது. "அக்கா, இங்க பாரு. எதிர்க்க வர்ற காத்து இந்த ஓட்டையில பூந்துதான் உள்ள முள்ளை ஆட்டும். அந்த முள்ளு சொன்னாதான் எனக்கு வேகம் தெரியும். அடைச்சிக்கினாலும் எப்படியோ மேல ஏறிடுவேன். அப்பால அந்த மேகத்துக்குள்ள பூந்துட்டா கண்ணைக் கட்டினாப்பல. மருந்தும் வராது, நானும் வர மாட்டேன். உள்ள குந்தப்போற ஜனங்களும் வர மாட்டாங்க."

"அப்போ செல்வி?"

நீ திரும்பி மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டாய். "அண்ணே, கொழந்தைக்கு மருந்துண்ணே" என்றாய். உன் யூனிபாரத்தோடு, முதலாளி பார்க்க, அந்த மனுஷனின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாய். மேஸ்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் தலையைத்தான் ஆட்டினார். "வேற எந்த நாள்னாலும் உசுரையே குடுப்பேன் சார். எனக்கும் புள்ளகுட்டி கீது. நான் தொட்டா எங்க குடும்பத்துக்கு ஆவாது." மூட்டை ஏற்றுகிற காதர் பாய் பக்கத்தில் நின்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் மெதுவாக, "நான் எடுத்தா அது வேற மாதிரி ஆயிடும்மா" என்றார். அதுவும் சரிதான்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. எனக்கு இன்னும் என்ன ஆகவேண்டும்? என் குடும்பத்துக்கு ஆகாதது ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏற்கெனவே ஆகிக்கொண்டிருக்கிறது.

ஷெட்டுக்குள் ஓடினேன். சரஸ்வதி படம், விளக்கு, வாழையிலையில் பொரி. முன்னால் வெள்ளை வேட்டி விரித்து அதன்மேல் ஸ்பேனர், குறடு, திருப்புளி, சுத்தியல் எல்லாம் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு. நவராத்திரி முழுக்க ஒரு வேளைதான் சாப்பிடுகிறவள் நான். "ஆத்தா, உன்னை அப்பால வந்து பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு எது எதற்கு என்று தெரியாமல் அத்தனையையும் முந்தானையில் அள்ளினேன். பின்னால் யாரோ "ஐயையோ" என்றார்கள். ஓடிவந்து மேஸ்திரியின் காலடியில் கொட்டினேன்.

"எடுய்யா. தொட்டவ நான். கலைச்சவ நான். பாவம் எதுனா இருந்தா எம்மேல. எல்லாரும் கேட்டுக்கோங்க, எம்மேல மட்டும்தான்!"

மேஸ்திரி குனியவில்லை. ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கையை நீட்டினார். "நானா எடுக்க மாட்டேன். நீ எடுத்து என் கைல குடு. ஏழு போட்டுக் கீழே பதினாறு போட்டிருக்கும், அந்த ஸ்பேனரு. நம்பரு படிக்கத் தெரியுமா?"

"அஞ்சாவது வரைக்கும் படிச்சிகீறேன், வெச்சுக்கோ" என்று எடுத்துக் கொடுத்தேன். அவர் கேட்கக் கேட்க நான் எடுத்துக்கொடுத்தேன். சந்தனப் பொட்டோடு. திரும்ப வாங்கி நானே கீழே வைத்தேன். அவர் வேலை செய்தார், சாமானைத் 'தொட்டது' நான். குழாயைக் கழற்றி, வெந்நீர் ஊற்றி, மெல்லிய கம்பியால் துருவி, உள்ளேயிருந்து ஊதினார். சிவப்புத் தண்ணீர் சொட்டியது. முதலாளி திரும்பிக்கொண்டு ஷெட்டுக்குள் போய்விட்டார்.

எல்லாம் மாட்டி முடிந்ததும் நீ ஏறுவாய் என்று பார்த்தேன். நீ கதவண்டை போய் முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தாய்.

எனக்கு உன்னை அடிக்கவேண்டும் போல இருந்தது தம்பி. இடி உறுமுகிறது, குழந்தை அங்கே வளைந்து கிடக்கிறது, நீ ஒவ்வொரு இதழாகத் தடவுகிறாய். "சீக்கிரம்டா பாவி" என்று என் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் மறுபடி முதலிலிருந்து என்று எனக்குத் தெரியும். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். சுற்றி முடித்து என்னிடம் வந்து, "பாவம் கீவம்னு இன்னாத்துக்குக் கத்தினே? தொடச்சா போற அழுக்குக்கா அது" என்றாய். ஏறிப் போய்விட்டாய்.

மறுநாள் மத்தியானம் நீ இறங்கி ஓடிவந்து பொட்டலத்தை என் கையில் வைத்தாய். "ஓடு" என்றாய். டாக்சியில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். நீ குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

செல்வி பிழைத்தாள். மாசக்கணக்கில் ஊசி. இடது காதைத்தான் அந்த மருந்து எடுத்துக்கொண்டது. நீ அவள் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பார்ப்பாய். வலது பக்கம் ஆட்டினால் திரும்பிச் சிரிப்பாள். இடது பக்கம் ஆட்டினால் விளையாடிக்கொண்டே இருப்பாள். "ஒண்ணு போதும்க்கா, நீ கத்துறதுக்கு அதுவே ஜாஸ்தி" என்றாய். வசந்தா உன் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அன்றைக்கு யாரும் பூஜையைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த வருஷம் மழைக் காலத்தில் நீ ஓட்டிப்போன விமானம் மலையில் மோதியது. உன்னை மூடித்தான் கொண்டுவந்தார்கள். முகத்தைப் பார்க்க விடவில்லை. கூடத்தில் உன்னை வைத்து நான் நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தபோது, சொந்தக்காரக் கிழவி ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "சும்மாவா வுடுவா சரஸ்வதி? ஒண்ணைக் குடுத்தா, ஒண்ணை எடுத்துக்கினா." மெதுவாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள். எனக்குக் கேட்டது. வசந்தாவுக்கும் கேட்டது. வாசலில் நின்ற மேஸ்திரி என் முகத்தைப் பார்க்காமலே மாலையை வைத்துவிட்டுப் போனார்.

நானும் நம்பினேன் தம்பி. உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்? நம்பினேன். கோயிலில் போய் ஆத்தாவோடு சண்டை போட்டேன். தொட்டவள் நான்தானே? எம்மேல மட்டும்தான் என்று தொண்டை கிழியக் கத்தினேனே. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது, அவளுக்கு மட்டும் கேட்கவில்லையா? என்னை எடுத்துக்கொள்ளாமல் உன்னை ஏன் எடுத்தாள்? சோறு இறங்காது. பாயில் உன் இடத்தைத் தடவிப் பார்ப்பேன். உன்னைக் கொன்ற கை இதுதான் என்று என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வசந்தா ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் தேங்காய் கூடுதலாக உடைத்து மன்னிப்புக் கேட்பாள். அவள் மன்னிப்புக் கேட்பது யாருக்காக என்று எனக்குத் தெரியும். என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள். உனக்குத் தூக்கம் இருந்ததா, சாராயம் குடிப்பாயா என்றெல்லாம் கேட்டார்கள். கடைசியில் காரணம் தெரியவில்லை என்று முடித்துவிட்டதாக என் வீட்டுக்காரர், உன் மாமா, வந்து சொன்னார். தெரியவில்லையாம்! காகிதத்தில் எழுதுகிறவர்களுக்கு அது எவ்வளவு சுலபம். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவள் தெரியவில்லை என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

கருமாதி முடிந்து ஒரு நாள் காதர் பாய் ராயபுரத்துக்கே வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "ஒண்ணு சொல்லிட்டுப் போறேன்மா. தம்பி கடைசியா போன அன்னிக்கு நான்தான் மூட்டை ஏத்தினேன். நல்ல மழ. மத்தவங்க வாசப்படியில நின்னுட்டே பாத்துட்டு ஏறிடுவாங்க, அப்படி மழ. தம்பி கொடை வாங்கிக்கினு சுத்தினாரு. நடுவுல ஆபீஸ்லேருந்து ஆளு வந்து கூப்ட்டான். போய்ட்டு வந்து மறுபடி மொதல்லேருந்து சுத்தினாரு. கொடை காத்துல மடங்கிப் போச்சு. நனைஞ்சுக்கினே சுத்தினாரு. நான் பாத்தேன்." சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. எல்லாம் பார்த்தும் ஏன் போனாய்? ஆனால் எத்தனையோ நாள் கழித்து ஒன்று உறைத்தது. நீ ஒரு நாளும் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னதில்லை. தரையில் ஒரு கறை கிடந்தால் எண்ணெயா தண்ணீரா என்று விரலில் தொட்டுப் பார்க்காமல் வாய் திறக்கமாட்டாய். பார்த்தும் புரியவில்லையென்றால் "தெரியல மேஸ்திரி" என்பாய், யூனிபாரம் போட்டுக்கொண்டு, வெட்கப்படாமல். நானோ மலையையும் பார்க்கவில்லை, மேகத்தையும் பார்க்கவில்லை, ஒன்றையும் தொட்டுப் பார்க்கவில்லை. ஆனால் காரணம் இதுதான் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதுவரைக்கும் எழுதிவிட்டு எழுந்து போனேன் தம்பி. செல்வி அதே இடத்தில்தான் இருந்தாள். வலது பக்கமாகப் போய் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம், ஸ்பேனர், முந்தானை, நீ மழையில் சுற்றினது எல்லாம். மறைக்கவில்லை.

"அப்போ தாத்தா என்னால சாவலியா?"

"இல்ல கண்ணு."

"உன்னாலயும் இல்லியா?"

"இல்ல" என்றேன். அந்தச் சொல்லை இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் காதால் கேட்டேன்.

"சாமி கோவத்தாலயா?"

"அந்தக் கோவத்தை யாரு பாத்தா? நான் பாக்கல."

"பின்ன யாரால ஆயா?"

ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டால் அவளுக்கும் எனக்கும் எவ்வளவு லேசாக இருக்கும். மேகம் என்று சொல்லலாம். விதி என்று சொல்லலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"தெரியல" என்றேன்.

"பெரியவங்களுக்குமா தெரியல?"

"கவர்மென்டுக்கே தெரியல. எனக்கும் தெரியல. தெரியலன்னா தெரியலன்னுதான் சொல்லணும்."

அவள் என் முகத்தையே பார்த்தாள், கணக்குக்கு விடை சரியா என்று பார்க்கிற மாதிரி. பிறகு எழுந்து கூடத்துக்குப் போனாள். அவள் குரல் கேட்டது. ஒரு காது கேட்காததால் அவளுக்கு எப்போதும் சத்தமான குரல்.

"யம்மா, தாத்தா செத்தது என்னால இல்லியாம். ஆயாவாலயும் இல்லியாம்."

"பின்ன யாராலயாம்?"

"தெரியலியாம்."

சந்தனம் இழைக்கிற சத்தம் நின்றது. பிறகு வசந்தா அழுகிற சத்தம். உன் பிணத்தின் முன்னால்கூட அவள் அப்படி அழவில்லை. நான் போய்த் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

இத்தனை வருஷம் உன் சாவை யார் தலையில் இறக்கி வைப்பது என்று தூக்கிக்கொண்டு அலைந்தேன். சாமி தலையில் வைத்துப் பார்த்தேன். என் தலையில் வைத்துக்கொண்டேன். வசந்தா தெரியாத்தனமாகக் குழந்தையின் தலையிலேயே வைத்துவிட்டாள். இனி யார் தலையிலும் வைப்பதாக இல்லை. நீ எதனால் விழுந்தாய் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தெரியாததை நானே சுமந்துகொண்டு உன் அக்காவாக இருக்கிறேன்.